கல்லிடுக்கில் ஒரு கடல்வழி

முதல் கல்லில் இரண்டு கால்களையும் ஊன்றி நிற்கலாம். அடுத்தது அதற்கு ஒரு முழம் கீழே, கடல் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. மூன்றாவதுக்குப் போக வேண்டுமானால் உடம்பை ஒருக்களித்து, முதுகைப் பாறையில் உரசிக்கொண்டு, ஆள் உயரக் கருங்கற்கள் இரண்டுக்கு நடுவே இருக்கும் சந்தில் நுழைய வேண்டும். நுழைந்த கணமே எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரிச் சத்தம் பாதியாகக் குறைந்துபோகிறது. தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். காலுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒரு பள்ளத்தில், தண்ணீர் வந்து மோதித் திரும்பும் ஒலி.

“அங்க கால வெக்காத தம்பி, பாசி. இந்தாண்ட கல்லு ஆடும். அதோ காஞ்சு வெள்ளையா கீது பாரு, அதுல வெய்யி.”

எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த பெரியவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். எழுபதைத் தாண்டியவர். வெறுங்கால். ஒரு தோளில் மடித்த வலை, ஒரு கையில் பிளாஸ்டிக் கேன். ஒரு கல்லையும் கையால் தொடாமல் இறங்கினார். நான் இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்துப் பின்தொடர்ந்தேன். சாலை விளிம்பிலிருந்து ஈர மணல் வரைக்கும் பதினோரு கல். மணல் என்று அங்கே இருந்தது ஒரு பாய் விரிக்கும் அகலம்தான். அலை வடிந்தால் தெரியும், ஏறினால் மறைந்துவிடும்.

இடம் திருவொற்றியூர். பட்டினத்தார் சமாதியிலிருந்து நடந்து போகிற தூரம்.

திருவொற்றியூரில் குன்று கிடையாது, கடலோரப் பாறை கிடையாது. சென்னையின் வடகரை முழுக்க மணல். ஐம்பது அறுபது வயதுக்காரர்களைக் கேட்டால், சிறு வயதில் கடலுக்குப் ‘போனோம்’ என்றுதான் சொல்வார்கள். இன்றைய பிள்ளைகள் கடலுக்கு ‘இறங்குகிறோம்’ என்கிறார்கள். ஒரே ஊர், ஒரே கடல், வினைச்சொல் மாறிவிட்டது. அந்த ஒரு சொல் மாற்றத்துக்குள் நூற்று ஐம்பது ஆண்டுக் கதை இருக்கிறது.

இயற்கை திறந்த வாசல்கள்

கடலோரப் பாறையில் இயற்கையாகப் பிளந்த இடம் என்றால் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருகோணமலை. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை, கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கிறது. கோயிலுக்கு ஏறும் வழியில் ஓரிடத்தில் அந்தப் பாறை கடல் வரைக்கும் பிளந்து கிடக்கும். இராவணன் வெட்டு என்று பெயர். தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்த்துக்கொண்டு போக வந்த இராவணனின் வாள் பட்ட இடம் என்பது கதை. விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே, நீலம் கறுத்த தண்ணீர். பிளவுக்குள் அலை புகுந்து வெள்ளையாகக் கொதித்து வெளியேறியது. அங்கிருந்து விலகி நடந்த பிறகும் கால் கூச்சம் அடங்கவில்லை.

இராவணன் வாளை வைத்துவிட்டுப் பாறையைப் பார்த்தாலும் வியப்பு குறையாது. எந்தப் பழம்பாறையிலும் மெல்லிய வெடிப்புகள் உண்டு. பூமிக்குள் ஆழத்தில் பெரும் அழுத்தத்தில் இருந்த பாறை, மேலிருந்த சுமை நீங்க நீங்கத் தளர்ந்து விரியும்போது அவை உண்டாகும். கடலோரத்தில் அந்த வெடிப்புக்குள் அலை வேகமாக நுழைகிறது, உள்ளே இருக்கும் காற்றை நசுக்குகிறது, பின்வாங்கும்போது நசுங்கிய காற்று வெடித்து விரிகிறது. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கும். போதாததற்கு, காய்ந்த உப்பு படிகமாகி வெடிப்பின் சுவர்களை நெம்பும். மயிரிழை கோடாகும், கோடு சந்தாகும். மனிதக் கணக்கில் அடங்காத காலம் பிடிக்கும் வேலை இது.

அந்தப் பாறை விளிம்பு வெறும் காட்சி மேடையாக என்றும் இருந்ததில்லை. 1622-ல் போர்த்துக்கீசியர் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோயில் இல்லாத அந்த நீண்ட காலத்திலும் மக்கள் பாறை முனைக்கு வந்து கடலைப் பார்த்துப் பூசை செய்ததை, 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையைப் பற்றி விரிவாக எழுதிய எமர்சன் டெனென்ட் பதிவு செய்திருக்கிறார். 1956-ல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அந்தப் பாறையின் அடியில் முக்குளித்தபோது கோயிலின் இடிபாடுகளைக் கடலுக்குள் கண்டார்கள். கோணமலையும் ஒற்றியூரும் திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற தலங்கள். இரண்டும் கடலைப் பார்த்த ஊர்கள். ஒன்று பாறை மேல், ஒன்று மணல் மேல்.

இராவணன் வெட்டில் யாரும் இறங்கி நடப்பதில்லை. இறங்கி நடக்கக்கூடிய பாறைச் சந்து வேண்டுமென்றால் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்துக்குப் போகலாம். 1981-ல் வந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ படத்தில் தமிழ்நாடே பார்த்த கரை அது. மேட்டில் கலங்கரை விளக்கம், செம்மண், அதற்குக் கீழே யானை யானையாகப் படுத்திருக்கும் பாறைகள், அவற்றின் நடுவே தண்ணீரைத் தேடிக்கொண்டு இறங்கும் ஒற்றையடித் தடங்கள். இன்னும் மேற்கே போனால் வர்கலா. அங்கே செங்குத்தாக நிற்பது கருங்கல் இல்லை, செம்பூரான்கல்லும் மணற்கல்லும். மழைக்கு இடிந்து விழும் பாறை. அதன் அடியில்தான் பாபநாசம் கரையில் பலிதர்ப்பணம் செய்கிறார்கள்.

இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையில் மார்கேட், ராம்ஸ்கேட் என்று இரண்டு ஊர்கள் இருக்கின்றன. வரைபடத்தில் பார்ப்பவர்கள் ஏதோ கோட்டை வாசலின் பெயர் என்று நினைப்பார்கள். அந்தக் ‘கேட்’, சுண்ணாம்புப் பாறைச் சுவரில் கடலுக்கு இறங்க இயற்கையாகக் கிடைத்த இடைவெளியைக் குறிப்பது. மைல் கணக்கில் ஏற முடியாத பாறை. நடுவே ஓர் இடத்தில் ஒரு பிளவு. அதைக் கண்டுபிடித்தவன் அங்கே படகை இழுத்துப் போட்டான், குடிசை போட்டான், ஊரானது. ஊரின் பெயரே வாசல் ஆனது.

பாறைக் கரைகளில் எல்லாம் வாசல் முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது. எங்கள் கரையில் ஊர் முதலில் இருந்தது. சுவர் பிறகு வந்தது. வாசலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

கடலை ஒற்றிய ஊர்

ஊழிக்காலத்து வெள்ளம் பொங்கி வந்தபோது அதை இறைவன் ஒற்றி விலக்கிய இடம் என்பதால் ஒற்றியூர் என்று பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். இங்குள்ள கோயிலின் மூலவர் ஆதிபுரீசுவரர். கடல் உள்ளே வரும் என்ற அச்சமும், வராது என்ற நம்பிக்கையும் பெயரிலேயே இருக்கிற ஊர் தமிழ்நாட்டில் வேறு எத்தனை இருக்கும்!

கல்லும் இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் எப்போதுமே வெளியிலிருந்து வந்தது. முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தில், சதுரானன பண்டிதரின் முயற்சியால் ஆதிபுரீசுவரர் கருவறை கருங்கல்லால் எடுக்கப்பட்டதைக் கோயில் கல்வெட்டு பேசுகிறது. எடுத்த தச்சனின் பெயரும் அதில் உண்டு: வீரசோழத் தச்சன் என்ற இரவி. யானையின் முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. மணலைத் தவிர வேறெதுவும் கிடைக்காத கரைக்கு அத்தனை கல்லையும் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் ஆகின்றன, பார்க்கிறவர்கள் இன்னும் விமானத்தைச் சுற்றிவந்து கல் இணைப்பைத் தடவிப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது முறை கல் வந்தது கடலுக்காக.

காரணம் தெற்கே இருக்கிறது. 1875-ல் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோல அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டினார்கள். 1904-ல் துறைமுகப் பொறுப்பை ஏற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே இருந்த வாயிலை மூடி வடகிழக்கில் புது வாயில் திறந்தார். துறைமுகம் பிழைத்துக்கொண்டது. கரை பிழைக்கவில்லை.

சோழமண்டலக் கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும் பகுதி தெற்கேயிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவக்காற்று மாதங்களில் கொஞ்சம் திரும்பி வரும். எங்கள் ஊர் மீனவர்களுக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. தெற்கேயிருந்து ஓடும் நீரோட்டத்துக்குத் தெண்டி என்றும், வடக்கேயிருந்து வருவதற்கு வன்னி என்றும் அவர்கள் எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். துறைமுகச் சுவர் இந்த ஓட்டத்தின் குறுக்கே நின்றது. தெண்டி கொண்டுவந்த மணல் சுவரின் தெற்கே தங்கித் தங்கி மெரினா அகலமானது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. கடல் மட்டும் வழக்கம்போல் எடுத்துக்கொண்டே இருந்தது. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் தொடங்கித் திருவொற்றியூர் வரை, அடுத்த நூறு ஆண்டுகளில் சில நூறு மீட்டர் அகலத்துக்கு நிலம் போனது. மெரினாவில் ஞாயிற்றுக்கிழமை சுண்டல் சாப்பிடும் குடும்பம் உட்கார்ந்திருக்கும் மணலில், ஒரு பங்கு வடசென்னைக்கு வந்திருக்க வேண்டியது.

வீடு போயிற்று, தோப்பு போயிற்று, சாலையும் போகும் என்ற நிலை வந்தபோது கல் கொட்டினார்கள். லாரி லாரியாக. பிறகு கரையிலிருந்து கடலுக்குள் நீளும் குறுக்குச் சுவர்கள் வந்தன. நம் செய்தித்தாள்கள் தூண்டில் வளைவு என்று அழகான பெயரில் எழுதுவது அவற்றைத்தான். சென்னை ஐ.ஐ.டி.யின் கடல் பொறியியல் துறை வடிவமைத்துக் கொடுத்து, 2004-ஐ ஒட்டி ராயபுரத்துக்கு வடக்கே அவை வரிசையாக எழுந்தன. சில இடங்களில் இரண்டு வளைவுகளுக்கு நடுவே மணல் திரும்பி வந்து சேர்ந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கல்லைக் குறை சொல்ல நான் வரவில்லை. “கல்லு இல்லன்னா ஊடு இல்ல” என்று ஒண்டிக்குப்பத்தில் ஓர் அம்மா என்னிடம் சொன்னார். கல் கொட்டச் சொல்லி இந்த ஊர் சாலையில் உட்கார்ந்ததும் உண்டு. திருச்சினாங்குப்பம், நல்லதண்ணீர் ஓடை குப்பம், கே.வி.கே. குப்பம், எர்ணாவூர், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் என்று எண்ணூர் முகத்துவாரம் வரை ஒவ்வொரு குப்பத்துக்கும் கடலோடு தனித்தனி வழக்கு இருக்கிறது. கல் வேண்டும். கேள்வி, கல்லுக்கு நடுவே ஆள் போக வழி எங்கே என்பதுதான்.

சந்து ஏன் இருக்கிறது

பார்ப்பதற்கு அள்ளிக் கொட்டிய குப்பைபோல் இருந்தாலும் கருங்கல் தடுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. அடியில் சின்னக் கல், அதன் மேல் நடுத்தரம், கடல் பார்க்கும் முகத்தில் டன் கணக்கில் எடையுள்ள பெரிய கற்கள். அந்த வெளிக் கற்களுக்கு நடுவே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெற்றிடம் இருக்கும். அது பிழை இல்லை. அலையைச் சாகடிப்பதே அந்த வெற்றிடம்தான். வழவழப்பான சுவரில் மோதும் அலை அப்படியே திரும்பிப் போய்ச் சுவரின் காலடி மணலைத் தோண்டும். சந்துகளில் புகும் அலை நூறு கூறாகச் சிதறி, சுற்றிச் சுழன்று, களைத்து வெளியேறும். பதினோரு கல்லுக்கு நடுவே நான் கேட்டது அந்தக் களைப்பின் ஒலி.

கல்லின் எடைக்கும் கணக்கு உண்டு. அலை இரண்டு மடங்கு உயர்ந்தால் கல் இரண்டு மடங்கு கனத்தால் போதாது, எட்டு மடங்கு கனக்க வேண்டும். புயல் நாளில் சுவர் ஏன் குலைகிறது என்பதற்கு இதுவே பதில். அப்படியே தாக்குப்பிடித்தாலும் முன்னாலிருக்கும் மணல் அரித்துப்போக, கற்கள் மெல்ல மெல்லப் புதைகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக் கல் வந்து மேலே விழும். ஆகவே இந்தப் பாதை கோணமலைப் பிளவுபோல் யுகயுகமாக நிற்பதில்லை. போன வருடம் இருந்த சந்து இந்த வருடம் மூடியிருக்கும். வேறொன்று திறந்திருக்கும். குப்பத்து மனிதர்கள் ஒவ்வொரு முறையும் தங்கள் பாதையைப் புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் வலையைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளையாக உப்புப் பூத்த கல்லில் கால் வைக்கலாம். பச்சைப் பாசி கண்ணுக்குத் தெரிவதால் ஆபத்து குறைவு. ஏமாற்றுவது கறுப்புப் பாசி. காய்ந்திருக்கும்போது கல்லோடு கல்லாகத் தெரியும், ஒரு தூறல் விழுந்தால் எண்ணெய் தடவியது மாதிரி ஆகிவிடும். கொட்டலசு ஒட்டிய கல் வழுக்காது, ஆனால் விழுந்தால் சதையைக் கிழிக்கும். அந்தப் புண் சீக்கிரம் ஆறாது. கல்லில் நீளமாக ஓர் அரைவட்டத் தடம் ஓடினால் அது குவாரியில் மெஷின் துளை போட்ட அடையாளம், அந்தப் பக்கம் தட்டையாக இருக்கும், கை பிடிக்க உதவும். புதிதாக வந்து விழுந்த கல்லை ஒரு மழைக்காலம் போகிற வரைக்கும் நம்பக் கூடாது.

“ஒக்காந்துச்சா இல்லியான்னு கடலுதான் சொல்லணும். நாம மிதிச்சுப் பாத்து தெரிஞ்சுக்கக் கூடாது.”

இறங்கும்போது அலையை எண்ண வேண்டும். பெரிய அலைகள் கூட்டமாக வரும். அவை முடிந்ததும் சிறிது நேரம் கடல் மூச்சு வாங்கும். கடைசி மூன்று கல்லையும் அந்த இடைவெளியில் தாண்ட வேண்டும். வன்னி ஓடும் மாதங்களில் ஒரு சந்து, தெண்டி ஓடும் மாதங்களில் வேறு சந்து. ஒன்றில் தண்ணீர் குதிக்கும்போது மற்றொன்றில் அமைதியாக இருக்கும். எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தராத கடலோரப் பொறியியல் இது என்று எனக்குத் தோன்றியது.

“கட்டுமரத்துல போனப்ப இதெல்லாம் இல்லியா, அண்ணா?”

“அப்ப எதுக்கு? மரத்தப் பிரிச்சு ஆளுக்கொண்ணு தோள்ல தூக்கினு வந்து மணல்ல காயப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயிடுவோம். இப்ப போட்ட எங்க ஏத்துறது?”

கட்டுமரத்தை அவிழ்த்துச் சுமக்கலாம். ஃபைபர் படகையும் அதன் எஞ்சினையும் இந்தக் கல் மேல் ஏற்ற முடியாது. எனவே படகுகள் தூண்டில் வளைவுகளின் மறைவிலும் காசிமேட்டிலும் நிற்கின்றன. மணல் இல்லாத குப்பத்தில் மீனவர் வீடு ஓரிடம், படகு ஓரிடம். நடுவே ஷேர் ஆட்டோ. வலை உலர்த்துவது சாலையோர நடைபாதையில், லாரிப் புழுதியில்.

இந்தச் சந்துகளை நாடே பார்த்த ஒரு வாரம் உண்டு. 2017 ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்த எண்ணெய் தெற்கே வந்து எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கற்களுக்கு நடுவே தார்க்குழம்பாகத் தேங்கியது. பெரிய இயந்திரங்களால் கல் இடுக்கில் நுழைய முடியவில்லை. மனிதர்கள் நுழைந்தார்கள். மீனவர்கள், மாணவர்கள், தன்னார்வலர்கள், கடலோரக் காவல் படையினர், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வாளி மாற்றி அள்ளினார்கள். எந்தக் கல்லில் நிற்கலாம், எதில் நிற்கக் கூடாது என்று வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் குப்பத்துக்காரர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் முதலில் கறை படிந்த கைகள் அவர்களுடையவைதான்.

என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பா இறந்த பிறகு வந்த முதல் ஆடி அமாவாசைக்குக் கடலில் முழுகித் தர்ப்பணம் செய்வது என்று அம்மா தீர்மானித்திருந்தார். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில் மணலில் நடந்துபோய்க் கால் நனைத்த நினைவு அவருக்கு. விடியற்காலையில் சாலை ஓரத்தில் கல் மேட்டைப் பார்த்தபடி நின்றார். முட்டி வலி. அந்த உயரத்தை அவரால் இறங்க முடியாது. தம்பியும் நானும் தூக்கிக்கொண்டு இறங்குகிறோம் என்றோம். வேண்டாம் என்றுவிட்டார். கடைசியில் நான் மட்டும் இறங்கிச் சொம்பில் கடல்நீர் மொண்டு வந்தேன். மேலே ஏறுவதற்குள் பாதி சிந்திவிட்டது. மீதியை அம்மா உள்ளங்கையில் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டார். கடலிலிருந்து முப்பதடி தூரத்தில், கடலுக்கு வர முடியாத ஒரு பெண். அன்று காலை அப்படி நின்றவர் அவர் மட்டும் இல்லை. கைப்பிடித்துக் கூட்டிவரப்பட்ட முதியவர்கள் வரிசையாக நின்றார்கள்.

தினமும் இறங்கியாக வேண்டிய பெண்களும் இருக்கிறார்கள். படகு ஒதுங்கும் இடத்தில் மீனை ஏலம் எடுத்துக் கூடையில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குக் கொண்டுபோகிறவர்கள். தலையில் கூடை இருந்தால் காலடி தெரியாது. கால் விரலாலேயே கல்லைத் தடவித் தடவி ஏறுவார்கள். ஒருத்தர் ஏறும்போது பின்னால் வருகிறவர் இடுப்பில் கை கொடுப்பார். அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது. இதற்கு ஒரு படிக்கட்டு போதும்.

படிக்கட்டு கேட்பது பெரிய விஷயமில்லை

2025-ல் திருவொற்றியூரில் சூரை மீன்பிடித் துறைமுகம் திறந்தார்கள். ஆழ்கடலுக்குப் போகும் பெரிய படகுகளுக்கு அது நல்ல செய்தி. 2011-லேயே ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. ஊர் வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குப்பத்துக்கும் எதிரே, அந்தக் குப்பத்தின் மனிதர் தன் கடலுக்கு நடந்து இறங்கும் வழி இன்றும் இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கும் தற்செயலான சந்துதான்.

அதை மாற்றப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கேரளத்தில் கடற்சுவர் கட்டிய சில இடங்களில் மீனவர்கள் போக்குவரத்துக்கென்று இடைவெளி விட்டிருக்கிறார்கள். இடைவெளி விட்டால் அலை உள்ளே வந்துவிடுமே என்ற கவலை நியாயமானது. அதனால் திறப்பை நேராக வைக்காமல், முட்டத்துப் பாறைத் தடம்போல் வளைத்து, முன்னால் ஒரு சுவரும் பின்னால் ஒரு சுவரும் ஒன்றையொன்று மறைக்கும்படி வைக்கலாம். தூண்டில் வளைவின் ஒதுக்குப்புறத்தில், அலை தணிந்திருக்கும் பக்கத்தில் வைக்கலாம். வலையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் சேர்ந்து இறங்கும் அகலம், சொரசொரப்பான படிகள், துருப்பிடிக்காத ஒரு கைப்பிடி, இரவில் ஒரு விளக்கு. மற்ற இடங்களில் சந்துகள் சந்துகளாகவே இருக்கட்டும். அவற்றில் சிமென்ட் பூசி அடைத்தால் சுவரின் உயிர் போய்விடும்.

இந்தச் செலவு, அங்கே ஏற்கெனவே கொட்டியிருக்கும் கல்லின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. தடுப்புக்குத் திட்டம் போடும்போதே வரைபடத்தில் இது இருந்திருக்க வேண்டும். இனி வரும் எந்தத் திட்டத்திலும் இருந்தே ஆக வேண்டும்.

அன்று காலை பெரியவர் இரண்டு முறை வலை வீசினார். கொஞ்சம் மடவை, ஒரு நண்டு. கேனில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினார். ஏறும்போதும் கையால் கல்லைத் தொடவில்லை. ஏழாவது கல்லில் மட்டும் ஒரு கணம் நின்று, காலால் அழுத்திப் பார்த்து, பக்கத்துக் கல்லுக்கு மாறினார்.

“நேத்து இது ஆடல” என்றார்.

இந்தக் கரைக்குத் திட்டம் வரையும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல் ஏற்றிய அடுத்த லாரி வருவதற்கு முன்னால், ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு வந்து இந்தப் பதினோரு கல்லையும் இறங்கிப் பாருங்கள். எதில் கால் வைக்க வேண்டும் என்று குப்பத்தில் சொல்லித் தருவார்கள். படி எங்கே வர வேண்டும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். கூடை சுமக்கும் பெண்களிடம் முதலில் கேளுங்கள்.